நாக்கின் அடியில் ஒரு கடிவாளம், சிறகின் அடியில் ஒரு கடிவாளம்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிறந்து 12 நாள் ஆகிறது. பால் குடிக்கும்போது வாய் நழுவிக்கொண்டே இருக்கிறது. மகளுக்கு மார்புக்காம்பில் வலி. பார்த்த மருத்துவர், "நாக்குக்கு அடியில் ஃப்ரீனுலம் குட்டையாக இருக்கிறது, வெட்டிவிடலாம்" என்றார். வேளாண் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ, "ஃப்ரீனுலம் அந்துப்பூச்சியின் சிறகில் அல்லவா இருக்கிறது, நேற்றுத்தான் படித்தேன்" என்றான். இரண்டும் ஒன்றா, பூச்சிக் காலத்து மிச்சம் ஏதேனும் நம் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அதை வெட்டினால் எதையாவது இழப்போமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. பெயர் மட்டுமே பொது. பூச்சியிடமிருந்து நமக்கு வந்த மிச்சமும் அல்ல. வெட்டுவது பற்றிய பதில் ஒரு வரியில் அடங்காது. உங்களுக்கு அவசரம் அதுதான் என்பதால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், குழந்தை மருத்துவர் அல்ல. நாக்கின் அடியில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் பேத்தியின் வாயை நேரில் பார்ப்பவர்தான் முடிவைச் சொல்ல வேண்டும்.

ஃப்ரீனுலம் என்ற லத்தீன் சொல்லுக்குச் 'சிறு கடிவாளம்' என்று பொருள். கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து, நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பாருங்கள். நாக்கின் அடியிலிருந்து வாயின் தரைக்கு நடுவில் ஒரு மெல்லிய மடிப்பு இறங்கும். அதுதான் நாக்கின் ஃப்ரீனுலம். இப்போது நாக்கு நுனியை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டுத் தடவினால் அங்கே இன்னொன்று தட்டுப்படும், கீழுதட்டுக்குள் இன்னொன்று. ஆண்குறியின் முன்தோலை அடியில் பிடித்திருக்கும் மடிப்புக்கும் இதே பெயர். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயிலின் இரு ஓரத்திலும், மூளையின் பின்பகுதியில் ஓரிடத்திலும்கூட ஃப்ரீனுலங்கள் உண்டு. அசையக்கூடிய ஒரு பகுதியை அசையாத ஒன்றோடு பிணைத்து, "இவ்வளவு தூரம் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்" என்று நிறுத்தும் சிறு மடிப்பு எதுவானாலும் பழைய உடற்கூறியலாளர்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆகவே "குழந்தைக்கு ஃப்ரீனுலம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "மூக்கு இருக்கிறது" என்று சொன்ன அளவுக்குத்தான் அதில் செய்தி. எல்லோருக்கும் இருக்கிறது. அது நாக்கின் வேலையைத் தடுக்கிறதா என்பதே கேள்வி. கடந்த சில ஆண்டுகளில் பல வீடுகளில் இந்த வேறுபாடு நழுவிப்போவதைப் பார்க்கிறேன். செல்பேசியில் எடுத்த ஒரு படம், அதில் ஒரு மடிப்பு, உடனே பயம் என்று ஆகிவிடுகிறது.

நாங்கள் மாணவராக இருந்த காலத்தில், வாய்த்தரையையும் நாக்கையும் நடுக்கோட்டில் இணைக்கும் தனியொரு நார் போலத்தான் ஃப்ரீனுலத்தை வரைந்து காட்டினார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே கரும்பலகையில் வரைந்தேன். 2019-ல் நியூசிலாந்தின் நிக்கி மில்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட கூறாய்வு அந்தப் படத்தை மாற்றிவிட்டது. அங்கே தனியான நார் எதுவும் இல்லை. வாயின் தரை முழுவதும் விரிந்திருக்கும் மெல்லிய இணைப்புத் திசுப் படலம், அதன்மேல் சளிச்சவ்வு. நாக்கு மேலே எழும்போது இந்த விரிப்பு நடுவில் கூடாரம் போலத் தூக்கப்படுகிறது. அந்த முகடுதான் நமக்கு மடிப்பாகத் தெரிகிறது. விரித்த வேட்டியின் நடுவே இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் ஒரு வரம்பு எழுமே, அப்படி. சிலருக்கு அந்த வரம்பில் சவ்வு மட்டும் இருக்கும், விளக்கொளி ஊடுருவும். சிலருக்குக் கீழேயுள்ள படலமும் சேர்ந்து எழும். இன்னும் சிலருக்கு நாக்கின் தசையே கொஞ்சம் உள்ளே இழுபட்டிருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெல்லிய சவ்வை மட்டும் வெட்டுவதும், ஆழமாக இறங்கி வெட்டுவதும் ஒன்றல்ல. மடிப்பு வாய்த்தரையைத் தொடும் இடத்தில், இருபுறமும் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கின்றன. தாடைக்கு அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. 1656-ல் அந்தக் குழாயை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயர்தான் அதற்கு. மடிப்பின் இருபுறமும் நாக்கின் அடியில் நீலமாகத் தெரிபவை சிரைகள். படலத்துக்குச் சற்றுக் கீழே நாக்கின் உணர்ச்சி நரம்பினுடைய கிளைகள் ஓடுகின்றன. மேலோட்டமான வெட்டு இவை எதையும் தொடாது. ஆழமான வெட்டு தொடக்கூடும்.

இந்த மடிப்பு குட்டையாகவோ இறுக்கமாகவோ இருந்து நாக்கைத் தாராளமாக அசையவிடாத நிலையை நாக்கு ஒட்டு என்கிறோம். அது, வரையறைக்கு ஏற்ப, 100 பச்சிளங்குழந்தைகளில் 4 முதல் 10 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இந்த இடைவெளியைக் கவனியுங்கள்: எதை ஒட்டு என்று அழைப்பது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. இவர்களில் பலர் எந்தச் சிரமமும் இல்லாமல் பால் குடிக்கிறார்கள். வெட்டினால் பயன் உண்டா என்பதை ஆராய்ந்த ஐந்து பரிசோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2017-ல் தொகுத்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி அந்த உடனடிக் காலத்தில் குறைந்தது. குழந்தை பால் குடிக்கும் திறன் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரியாக மேம்படவில்லை. உங்கள் மகளின் வலி பொருட்படுத்த வேண்டிய ஒன்று என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ தாய்மார் அந்த வலியால்தான் மூன்றாம் வாரத்திலேயே புட்டிப்பாலுக்கு மாறுகிறார்கள். "பொறுத்துக்கொள், எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று அவளிடம் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியது இதுதான். பால் ஊட்டுவதில் பயிற்சி பெற்ற செவிலியரோ ஆலோசகரோ ஒருவர், ஒரு முழு வேளை பாலூட்டலை உடனிருந்து பார்க்க வேண்டும். குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறைய எடுக்கிறதா? அழும்போது நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வருகிறதா, அல்லது நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் பிளந்து தெரிகிறதா? பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பியாயிற்றா? பிடிக்கும் நிலையைச் சரிசெய்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுவதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சரிசெய்த பிறகும் நழுவுகிறது, வலி தொடர்கிறது, மடிப்பும் இறுக்கமாக இருக்கிறது என்றால், வெட்டச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெல்லிய மடிப்பை இந்த வயதில் முனை மழுங்கிய கத்தரியால் ஒரு வெட்டு. ஓரிரு சொட்டு இரத்தம். உடனே பால் கொடுக்கலாம். அதற்கு முன், பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதை மட்டும் கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது போடப்படாத குழந்தைக்குச் சின்ன வெட்டிலும் இரத்தம் நிற்காமல் போகலாம். குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கூடவே மேலுதட்டு மடிப்பையும் வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்த மடிப்பு பச்சிளங்குழந்தைகளுக்கு ஈறின் விளிம்பு வரை இறங்கியிருப்பது இயல்பு. பல்லும் தாடையும் வளர வளர அது மேலே போய்விடும்.

பேச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் "இப்போது வெட்டாவிட்டால் நாளைக்கு ழகரம் வராது" என்று உறவினர் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தமிழில் நாக்கு நுனி மேலே எழுந்து மடங்க வேண்டிய ஒலிகள் அதிகம். ட, ண, ள, ழ எல்லாமே அப்படித்தான். அதனால் இந்தப் பயம் நம்மிடையே சற்றுக் கூடுதல். ஆனால் நாக்கு ஒட்டு உள்ள பெரும்பாலான குழந்தைகள் தெளிவாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பேச்சு வரத் தாமதமாவதற்கு இந்த மடிப்பு காரணமே அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மூன்று வயதுப் பையன் பேசவில்லை என்று நாக்கின் அடியை வெட்டிவிட்டு ஒரு வருடம் காத்திருந்தார்கள். அவனுக்குக் காது கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காதை.

இது புதிய அறிவுமல்ல. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் நாக்கு ஒட்டை வெட்டும் முறையை எழுதியிருக்கிறார். நாக்கு நுனியைப் பிடித்துத் தூக்கி அடியில் உள்ள சவ்வை வெட்ட வேண்டும், பக்கத்தில் உள்ள சிரைகளைக் காயப்படுத்தாமல் மிகக் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார். புண் ஆறியதும் பெரும்பாலோர் பேசிவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, வெட்டிய பின் நாக்கைப் பல்லுக்கு வெளியே தாராளமாக நீட்ட முடிந்தும் பேச்சு வராத ஒருவரைத் தாம் அறிந்ததாகவும் சேர்க்கிறார். தனக்குச் சாதகமாக இல்லாத ஒன்றையும் மறைக்காமல் எழுதிவைத்த அந்த நூலாசிரியரை வகுப்பில் பல முறை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறேன். நம் பக்கத்திலும் இந்த மடிப்பை அறுத்தவர்கள் உண்டு. கேசரி முத்திரையில் நாக்கைப் பின்னால் மடித்து உள்நாக்குக்கு மேலே செலுத்துவதற்காக, வாரம் ஒருமுறை மயிரிழை அளவு அறுத்து, இந்துப்பும் கடுக்காய்த் தூளும் தேய்க்கச் சொல்கிறது ஹட யோக மரபு. நீலச் சிரைகளும் உமிழ்நீர்க் குழாயும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று மேலே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டால், இதைப் படித்துவிட்டுத் தானே முயலும் இளைஞர்களைத் தடுப்பது எளிது.

இனி உங்கள் மகனின் ஃப்ரீனுலம். இங்கே எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதையும் உண்டு. என் கணவர் பூச்சியியல் கற்பித்தவர். திருமணமான புதிதில் ஒரே மேசையில் அமர்ந்து இருவரும் மறுநாள் வகுப்புக்குத் தயார் செய்வோம். ஒரு நாள் அவர் புத்தகத்தில் ஃப்ரீனுலம், ரெட்டினாக்குலம், ஹாமுலஸ் என்று மூன்று சொற்களும் வரிசையாக வருவதைப் பார்த்து, என் புத்தகத்தைத்தான் தவறி எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றிரவு முற்றத்து விளக்கில் வந்து விழுந்த ஓர் அந்துப்பூச்சியைக் கையில் வைத்து அவர் காட்டியதை இன்றும் மறக்கவில்லை.

அந்துப்பூச்சிக்கு இரண்டு இணைச் சிறகுகள். முன்சிறகும் பின்சிறகும் தனித்தனியாக முளைத்தவை. ஆனால் பறக்கும்போது ஒரு பக்கத்து இரண்டு சிறகும் ஒன்றாக அடித்தால்தான் காற்று நடுவில் கசியாது. அதற்காகப் பின்சிறகின் முன்விளிம்பில், உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, ஒரு விறைத்த முள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் ஃப்ரீனுலம். முன்சிறகின் அடிப்பக்கத்தில் அந்த முள்ளை வாங்கிப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பு இருக்கிறது. அதன் பெயர் ரெட்டினாக்குலம். முள் பிடிப்புக்குள் வழுக்கி முன்னும் பின்னும் நகரலாம், கழன்று வெளியே வரக்கூடாது. தாழ்ப்பாள் வளையத்துக்குள் ஓடுவதைப் போல என்றால் கிட்டத்தட்டச் சரி.

இதைக் கொண்டு ஆணையும் பெண்ணையும் பிரிக்கலாம் என்பதை உங்கள் மகன் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான அந்துக் குடும்பங்களில் ஆணுக்கு ஒரே ஒரு தடித்த முள். அது உண்மையில் பல மயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆனது. பெண்ணுக்கு அவை சேராமல் இரண்டு, மூன்று, சில இனங்களில் அதற்கும் மேற்பட்ட தனித்தனி மயிர்களாக நிற்கும். பிடிப்பும் மாறுகிறது. ஆணில் அது முன்சிறகின் முன்விளிம்பை ஒட்டிய நரம்பிலிருந்து மடங்கி வரும் ஒரு கொக்கி. பெண்ணில் இன்னும் உள்தள்ளி, விறைத்த செதில்களால் ஆன ஒரு சிறு குஞ்சம். விளக்குப் பொறியில் விழுந்த பூச்சிகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ண வேண்டியிருக்கும்போது, நிறம் வெளிறி, வயிறு நசுங்கி, வேறு அடையாளம் எதுவும் மிச்சமில்லாத பூச்சியிலும் இந்த முள் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

சிறகைப் பிணைக்கும் முறையையே வைத்து அந்துக்கள், வண்ணத்துப்பூச்சிகளின் மொத்தக் கூட்டத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று 1890-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்றி காம்ஸ்டாக் முன்மொழிந்தார். கடிவாளம் உள்ளவை ஒரு பிரிவு. நுகம் உள்ளவை இன்னொரு பிரிவு. நுகமா என்று கேட்பீர்கள். சில பழைமையான அந்துக்களில் முள் இல்லை. முன்சிறகின் பின்விளிம்பில், அடியில், விரல் போன்ற ஒரு சிறு மடல் நீண்டு பின்சிறகைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு ஜூகம், அதாவது நுகத்தடி, என்று பெயர். இந்தப் பிரிவினை இன்று வழக்கில் இல்லை. உறவுமுறையைக் கணிக்க வேறு நல்ல அடையாளங்கள் வந்துவிட்டன. ஆனால் பெயர்கள் நிலைத்துவிட்டன. எனக்கு அவை பிடித்தமானவை. கடிவாளம், நுகம், கொக்கி, கட்டுக்கயிறு என்று எல்லாமே குதிரையும் மாடும் பூட்டியவர்களின் சொற்கள். நுகத்தடியும் பூட்டாங்கயிறும் தும்பும் தெரிந்த நம் கிராமத்து மாணவர்களிடம் இவற்றின் பொருளைச் சொன்னால் போதும், உறுப்பின் வேலை உடனே விளங்கிவிடும். லத்தீன் சொல்லை மட்டும் உருப்போட்ட நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு இந்த முள் கிடையாது. பின்சிறகின் தோள்பகுதி அகன்று முன்சிறகுக்கு அடியில் தாங்கலாக நிற்கிறது. இரண்டும் மேற்பொருந்தி ஒன்றாக அடிக்கின்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் ரீஜென்ட் ஸ்கிப்பர் என்ற வண்ணத்துப்பூச்சி இதற்கு விதிவிலக்கு. அதிலும் ஆணுக்கு மட்டுமே முள் உண்டு. வண்ணத்துப்பூச்சிகள் அந்துக் குலத்தின் ஒரு கிளைதான் என்பதற்கு இப்படி ஒரு சாட்சி சிறகின் அடியிலேயே ஒளிந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. பட்டுப்பூச்சியிலும் அதன் உறவினங்களிலும் முள் தேய்ந்தோ மறைந்தோ போய்விட்டது.

வெட்டினால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்வி இங்கேயும் கேட்கப்பட்டிருக்கிறது. அதே கார்னெலில் பெஞ்சமின் ஜான்ட்சனும் தாமஸ் ஐஸ்னரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வண்ணத்துப்பூச்சிகள், அந்துக்களின் பின்சிறகுகளையே முழுவதும் நீக்கிப் பார்த்தார்கள். முள்ளும் போயிற்று, அது பிடித்திருந்த சிறகும் போயிற்று. பூச்சிகள் தொடர்ந்து பறந்தன. ஆனால் சட்டென்று திரும்பி, வளைந்து, துரத்தும் பறவைக்குத் தப்பும் பறத்தல் குன்றிவிட்டது. அமைதியான அறையில் பார்த்தால் குறை சட்டென்று தெரியாது. எதிரி வரும்போதுதான் தெரியும். சிறு உறுப்பு ஒன்றின் பயனைத் தீர்மானிக்க எந்தச் சூழலில் பார்க்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று மாணவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தேனீ வேறொரு வழியில் போனது. அதன் பின்சிறகின் முன்விளிம்பில் வரிசையாகச் சுமார் 20 நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன. முன்சிறகின் பின்விளிம்பு ஒரு வாய்க்கால் போலக் கீழ்நோக்கி மடங்கியிருக்கிறது. பறக்கப் போகும்போது சிறகை விரித்தவுடன் கொக்கிகள் அந்த மடிப்பில் மாட்டிக்கொள்கின்றன. கூட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி, சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டு குறுகிய அறைகளுக்குள் தலையை விட முடிகிறது. ஒரு நாளில் எத்தனை முறை மாட்டுவதும் கழற்றுவதும்! கொக்கிகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் சிறிது மாறுவதால் தேனீக்களை வகைப்படுத்துபவர்கள் அதை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். நோயுற்ற தேனீக்களில் சில சமயம் இந்தப் பிணைப்பு கழன்று, பின்சிறகு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மூச்சுக்குழலில் உண்ணி புகுந்த கூட்டங்களில் அதைப் பார்க்கலாம், ஆனால் அந்த ஒன்றை வைத்து மட்டும் நோயை முடிவு செய்ய முடியாது. இந்தக் கொக்கிக்குப் பெயர் ஹாமுலஸ். சிறு கொக்கி என்றுதான் பொருள்.

அதே ஹாமுலஸ் உங்களிடமும் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி ஒரு பட்டாணி போன்ற எலும்பு உருளும். அங்கிருந்து ஆட்காட்டி விரலின் அடியை நோக்கிச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்து அழுத்தினால், ஆழத்தில் ஒரு மேடு தட்டுப்படும். கொஞ்சம் வலிக்கவும் செய்யும். அது ஹாமேட் எலும்பின் கொக்கி. இரண்டு கைக்கு இரண்டு. இன்னும் இரண்டு மேலண்ணத்தின் பின்முனையில், கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குச் சற்றுப் பின்னால், உள்பக்கமாக இருக்கின்றன. மென்மையான அண்ணத்தை இழுத்து இறுக்கும் தசையின் நாண் அந்தக் கொக்கியைக் கப்பி போலச் சுற்றித் திரும்புகிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழலைத் திறப்பதும் அதே தசைதான். பஸ் மலையேறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'பட்' என்று திறக்கிறதே, அந்தக் கணத்தில் அந்தக் கொக்கியின்மேல் ஒரு நாண் வழுக்கி ஓடுகிறது.

ரெட்டினாக்குலமும் நம்மிடம் உண்டு. இந்த லத்தீன் சொல் படகைக் கரையில் கட்டும் கயிற்றையும் குதிரையின் வாரையும் குறித்தது. மணிக்கட்டின் உள்பக்க எலும்புகள் ஒரு குழிந்த வாய்க்காலாக அமைந்திருக்கின்றன. அதன் மேலே குறுக்காக ஒரு தடித்த பட்டை மூடியிருக்கிறது. அதன் ஒரு முனை கட்டைவிரல் பக்கத்து எலும்புகளில், மறுமுனை அந்தப் பட்டாணி எலும்பிலும் ஹாமேட்டின் கொக்கியிலும் மாட்டியிருக்கிறது. ரெட்டினாக்குலமும் ஹாமுலஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இடம் மனித உடலில் இது. பட்டைக்கு அடியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பட்டை இல்லாவிட்டால், மணிக்கட்டை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாண்கள் வில்லின் நாண் போலத் தோலைத் தள்ளிக்கொண்டு எழும்பும்.

ஒன்பது நாண்களும் வழுக்கி ஓட வேண்டும். பட்டையோ விரிந்து கொடுக்காது. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நசுங்குவது மென்மையான நரம்புதான். இரவில் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போய்க் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் இது வருவதுண்டு. உள்ளங்கையின் நடுப்பகுதி மட்டும் மரத்துப்போவதில்லை, ஏனென்றால் அந்த இடத்துக்கான கிளை முன்கூட்டியே பிரிந்து பட்டைக்கு மேலாகப் போய்விடுகிறது. இரவில் மணிக்கட்டு மடங்காதபடி தாங்குகட்டை வைத்துக் கட்டுவது, ஊசி போன்றவற்றுக்கு அடங்காதபோது அறுவை மருத்துவர் இந்தப் பட்டையை நீளவாக்கில் வெட்டித் திறக்கிறார். நரம்பு மூச்சு விடுகிறது. பிடியின் வலிமை திரும்பச் சில மாதங்கள் ஆகின்றன. இங்கே வெட்டு தேவை, இழப்பும் உண்டு, அது தற்காலிகம். இரண்டையும் எடைபோட்டு முடிவெடுத்த வெட்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். உங்கள் மகனுக்காக அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்துப்பூச்சியின் முள் அதன் புறக்கூட்டின் நீட்சி. கைட்டினால் ஆனது, விறைத்தது, ஒருமுறை உருவான பின் வளராது, முறிந்தால் ஆறாது. குழந்தையின் நாக்கு மடிப்பு உயிருள்ள மென்திசு. இரத்தம் ஓடுகிறது, வளர்கிறது, வெட்டினால் ஆறுகிறது, சில சமயம் ஆறும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. நம் முன்னோர் யாருக்கும் சிறகு முள் இருந்ததில்லை. கடிவாளம் என்ற உவமையை வாய்க்குள் பார்த்தவர்களும் பயன்படுத்தினார்கள், சிறகுக்கு அடியில் பார்த்தவர்களும் பயன்படுத்தினார்கள். இரு சாராரும் லத்தீன் படித்தவர்கள். உண்மையில் பூச்சியின் முள்ளுக்கு அந்த உவமை அவ்வளவாகப் பொருந்துவதுமில்லை. அது எதையும் இழுத்து நிறுத்துவதில்லை, இரண்டைச் சேர்த்து ஓட்டுகிறது. மாட்டை நுகத்தில் பிணைக்கும் பூட்டாங்கயிறு என்று பெயர் வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று என் கணவர் சொல்வார்.

ஈரமான பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் தெறித்துக் குதிக்கும், ஸ்பிரிங்டெயில் எனப்படும் வெளிறிய சிறு உயிர்களிலும் ஒரு ரெட்டினாக்குலம் உண்டு. வயிற்றுக்கு அடியில் வாலை மடித்து அந்தக் கவ்வியில் மாட்டி வைத்திருக்கும். கவ்வி விட்டதும் வால் தரையை அறைந்து உடலை வீசுகிறது. இவை பூச்சிகளின் நெருங்கிய உறவினம். ஆனால் தனிப் பிரிவாகவே வைக்கிறார்கள்.

உங்கள் மகனிடம் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் குழல்விளக்கின் அடியில் காலையில் செத்துக் கிடக்கும் தடித்த உடலுள்ள அந்து எதையாவது எடுத்து, மல்லாத்தி ஒரு தெர்மாகோல் துண்டில் வைக்கச் சொல்லுங்கள். சிறகின் அடிப்பக்கம் இப்போது மேலே இருக்கும். முன்சிறகும் பின்சிறகும் சந்திக்கும் மூலையில், உடலை ஒட்டி, ஊசி முனையால் பின்சிறகை மெதுவாக அசைத்தால் முள் பிடிப்புக்குள் நகர்வது தெரியும். ஒரு முள்ளா, இரண்டு மூன்றா என்று எண்ணட்டும். நீங்கள் அடுத்த வேளைப் பாலின்போது பேத்தியின் கீழுதடு வெளியே மடங்கியிருக்கிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா, வாய் நழுவும்போது 'டக்' என்ற சத்தம் வருகிறதா என்று கவனித்து, அவளது எடையோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.